உல்டா ஓட்டிய ரீல்

பேய்க் கதை என்றால் அமாவாசை இருக்க வேண்டும், நாய் ஊளையிட வேண்டும், நடுநிசி மணி அடிக்க வேண்டும் என்று யாரோ சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். இதில் அதெல்லாம் கிடையாது. இது ஒரு சனிக்கிழமை, வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், பினாங்குப் பட்டணத்தில், பாதி பயாஸ்கோப் கொட்டகையிலும் மீதி டிராம் வண்டியிலும் நடந்தது. நடந்தது என்றால் நடந்ததுதான். ஷேக் அலாவுதீன் இன்னும் உயிரோடு இருக்கிறார். ஜெலுத்தோங்கில் யாரைக் கேட்டாலும் அவர் வீட்டைக் காட்டுவார்கள். ஆனால் இந்தக் கதையை மட்டும் அவரிடம் கேட்காதீர்கள், எழுந்து உள்ளே போய்விடுவார். எனக்குச் சொன்னதே பெரிய விஷயம்.

1914-ல் மூண்ட பெரிய யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். அலாவுதீன் அப்போது கொட்டகையில் படம் ஓட்டுகிற ஆபரேட்டர். இப்போது மாதிரி மோட்டார் மிஷின் இல்லை, கையால் சுற்ற வேண்டும். மெதுவாகச் சுற்றினால் திரையில் ஆட்கள் தூங்கி வழிவார்கள். வேகமாகச் சுற்றினால் அடித்துப் பிடித்து ஓடுவார்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால்? அங்கேதான் வேடிக்கை. உடைந்த பானை ஒட்டிக்கொள்ளும். குடித்த தண்ணீர் வாயிலிருந்து கோப்பைக்குத் திரும்பும். தொழிலில் அதற்கு உல்டா என்று பெயர். அலாவுதீன் உல்டா ஓட்டினால் கொட்டகையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். மனிதருக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஆனால் அந்த வாரம் அவர் வீட்டில் சிரிப்பில்லை. ஒரே மகள் காமாரியா, ஏழு வயது, காய்ச்சலில் கிடந்தாள். அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இதுவும் போய்விடும் என்று அலாவுதீன் கொல்லைப்பக்கம் போய் வாய்விட்டு அழுதிருக்கிறார். வெள்ளிக்கிழமை எப்படியோ காய்ச்சல் விட்டது. சனிக்கிழமை காலையில் பிள்ளை எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தது.

"அத்தா, சாயங்காலம் டிராம் நிக்கிற எடத்துக்கு வருவேன்."

"வேணாம் லா. ஒடம்பு தேறட்டும்."

"வருவேன்."

"ஒங்க மகதானே, சொன்னா கேக்குமா?" என்று மனைவி ஆசியா பீவி சிரித்தாள். அந்த வீட்டில் பல நாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது.

அன்று மத்தியான ஆட்டத்துக்கு ஒரு துரை ரீல் கொண்டுவந்திருந்தார். கிழக்கே பேராக் ஆற்றின் தலைப்பக்கம், காட்டுக்குள் கிளை பிரிகிற இடம்வரை படகில் போய், ஆற்றோரம் வாழ்கிற பூர்வகுடிகளைப் படம் பிடித்தவர் அவர். போட்டோக்கள் பெட்டி பெட்டியாக இருந்தன. சினிமா ரீல் ஒன்றே ஒன்று. எல்லாம் கப்பலேறிச் சீமைக்குப் போகிறது, அங்கே காட்சிசாலையில் பூட்டி வைப்பார்களாம். அதற்குமுன் பட்டணத்து ஜனங்களும் ஒரு தடவை பார்க்கட்டும் என்று கொட்டகை முதலாளி கெஞ்சிக் கூத்தாடி வாங்கியிருந்தார்.

துரையோடு அவருடைய படகோட்டி பண்டாக்கும் வந்திருந்தார். அந்த ஆற்றில் பிறந்தவர். படத்தில் இருப்பதெல்லாம் அவருடைய சனம். மலாயில் நாலு வார்த்தை வரும், அவ்வளவுதான். மிஷின் அறைப் படியில் உட்கார்ந்து ரீல் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அலாவுதீன் ரீலை மாட்டிக்கொண்டே, டிக்கெட் கிழிக்கிற அய்யாக்கண்ணுவிடம் பேசினார். "ஆட்டம் முடிஞ்ச ஒடனே நான் பாலேக், அய்யாக்கண்ணு. மக காத்துக்கிட்டு நிக்கும்."

பாலேக் மலாய் வார்த்தை. வீட்டுக்குக் கிளம்புவதைப் பினாங்குத் தமிழர் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

பண்டாக் சட்டென்று எழுந்து வந்தார். ரீலின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"ஜாங்கான் பாலேக்," என்றார். ஜாங்கான் என்றால் கூடாது.

அலாவுதீனுக்குச் சிரிப்பு வந்தது. "ஏன், ஒங்க துரைக்கு இன்னொரு ஆட்டம் காட்டணுமா? முடியாது லா, நான் போயே ஆகணும்."

பண்டாக் மறுபடி அதையே சொன்னார். விரலால் காற்றில் ஏதோ வட்டம் போட்டார். அதற்குள் மணி அடித்துவிட்டது. அலாவுதீன் கதவைச் சாத்திக்கொண்டு விளக்கைப் பற்ற வைத்தார்.

படம் அழகாகத்தான் இருந்தது. முதலில் பிள்ளைகள் கரையிலிருந்து ஆற்றில் குதித்தார்கள். பெண்கள் மூங்கில் குழாயில் தண்ணீர் மொண்டார்கள். அடுப்புப் புகை எழுந்தது. கடைசியில் ஒரு தெப்பம். ஊரில் நோய் கண்டிருந்ததாம். அதை அனுப்பிவைக்கிற சடங்கு என்று துரை மேடையில் நின்று விளக்கினார். தெப்பத்தின்மேல் ஓலையால் குட்டி வீடு ஒன்று கட்டி, சோறும் புகையிலையும் வைத்து, ஆற்றோடு தள்ளிவிட்டார்கள். எல்லாரும் முதுகைக் காட்டித் திரும்பி நடந்தார்கள். ஒருவரும் பின்னால் பார்க்கவில்லை. தெப்பம் தனியாக மிதந்து, வளைவில் மறைந்தது. அத்தோடு ரீல் முடிந்தது.

"உல்டா! உல்டா!" என்று முன்வரிசையில் ஒருவன் கத்தினான். பிறகு கொட்டகை முழுக்கக் கத்தியது. தண்ணீரில் குதித்த பிள்ளைகள் பின்பக்கமாகத் துள்ளிக் கரையேறுவதைப் பார்க்க வேண்டுமாம். துரையும் சிரித்துக்கொண்டே கையை அசைத்தார். வெளியே யாரோ மிஷின் அறைக் கதவைத் தட்டினார்கள். தட்டல் நிற்கவே இல்லை. கத்தலில் அதைப் பொருட்படுத்தாமல் அலாவுதீன் கைப்பிடியை எதிர்ப்பக்கம் சுற்ற ஆரம்பித்தார்.

உல்டாவில் வால்தான் முதலில் வரும். வளைவிலிருந்து தெப்பம் வந்தது. ஆற்றை எதிர்த்து, துடுப்பில்லாமல், தானாக வந்தது. ஜனங்கள் பின்பக்கமாக நடந்து கரைக்கு வந்தார்கள். புகை அடுப்புக்குள் இறங்கியது. கொட்டகை சிரித்து உருண்டது.

சுவரில் இருந்த சின்ன ஓட்டை வழியாக அலாவுதீன் திரையைப் பார்த்தார். ஓலை வீட்டுக்குள்ளிருந்து ஒரு பிள்ளை இறங்கியது. குட்டிப் பிள்ளை. ஐந்து வயது இருக்கும்.

அவர் கை தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஏதோ சரியில்லை என்று மட்டும் பட்டது. என்ன என்று பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது...

எல்லாரும் பின்பக்கமாக நடந்தார்கள். அது மட்டும் நேராக நடந்தது.

ரீல் உல்டாவில் ஓடும்போது நேராக நடக்க வேண்டுமானால், படம் எடுத்தபோது அது பின்பக்கமாக நடந்திருக்க வேண்டும். முதல் தடவை ஓட்டியபோது அப்படி ஒரு பிள்ளையே இல்லை. ஓட்டினவர் அவர்தானே?

அடுத்த காட்சி. மூங்கில் குழாய். அதிலும் அது நின்றது. இன்னும் கிட்டத்தில்.

அடுத்த காட்சி. பிள்ளைகள் தண்ணீரிலிருந்து துள்ளி வந்தார்கள். கொட்டகை அலறிச் சிரித்தது. கரையில் அது திரையை அடைத்துக்கொண்டு நின்றது. தலைமயிரில் தண்ணீர் சொட்டியது. சொட்டு கீழே விழுந்தது. மேலே போகவில்லை.

பிறகு வெள்ளைத் திரை.

அலாவுதீன் கதவைத் திறந்தார். பண்டாக் வாசலில் நின்றார். தட்டித் தட்டி முட்டியெல்லாம் சிவந்திருந்தது.

"சுடா நாயேக்," என்றார். ஏறிவிட்டது. பிறகு அலாவுதீனின் கையை இறுகப் பிடித்து, "ஜாங்கான் பாலேக்... ஜாங்கான் பாலேக்..."

அப்போதுதான் அலாவுதீனுக்கு உறைத்தது. மலாயில் பாலேக் என்றால் வீட்டுக்குப் போவது மட்டுமல்ல, ஒன்றைத் திருப்புவதும் அதுதான். உல்டா ஓட்டாதே என்று அல்லவா இந்த மனிதர் சொல்லியிருக்கிறார்! இப்போதும் அதைச் சொல்லித்தான் திட்டுகிறார் என்று நினைத்தார்.

"தப்பாப் புரிஞ்சிக்கிட்டேன் அண்ணே. இனிமே ஓட்ட மாட்டேன்," என்று கையை விடுவித்துக்கொண்டு, ஓட்டமாக ஓடி டிராமைப் பிடித்தார்.

டிராமில் நெருக்கியடித்த கூட்டம். கம்பியைப் பிடித்துத் தொங்குகிறார்கள். அவருக்கு எப்படியோ இடம் கிடைத்தது. பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. கூடையோடு ஒரு சீனத்து அம்மாள் உட்கார வந்தாள். பாதி குனிந்தவள், எதையோ பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்து போனாள்.

வெயில் இன்னும் இறங்கவில்லை. கடைகள் திறந்திருந்தன. அலாவுதீன் தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டார். கண் கூசியிருக்கும், அறையில் அத்தனை சூடு...

கண்டக்டர் வேலு பழக்கமானவன். இடித்துக்கொண்டு வந்தான்.

"அண்ணே, கூட்டமா இருக்கு. பிள்ளைய மடியில வெச்சிக்குங்க."

"எந்தப் பிள்ளை?"

"நல்லா கேட்டீங்க போங்க!" என்று சிரித்துக்கொண்டே வேலு தாண்டிப் போய்விட்டான்.

அலாவுதீன் பக்கத்தில் கையை வைத்தார். பலகை ஈரமாக இருந்தது.

ஜில்லென்று...

ஆற்றுத் தண்ணீரின் வாடை.

ஆட்டம் முடிந்து கையைப் பிடித்துப் பண்டாக் சொன்னது படத்தைப் பற்றி அல்ல. வீட்டைப் பற்றி. வீட்டுக்குப் போகாதே.

ஜெலுத்தோங் வந்தது. அவர் இறங்க வேண்டிய இடம். அங்கே ஆசியா பீவி நின்றாள். பக்கத்தில் காமாரியா. மெலிந்த கையைத் தூக்கி ஆட்டினாள்.

"அத்தா!"

அவர் இறங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணில் தண்ணீர் முட்டியது. அவர் இறங்கினால்தானே அது இறங்கும்?

"அத்தா...!"

டிராம் நகர்ந்தது.

கடைசி நிறுத்தம். எல்லாரும் இறங்கினார்கள். அவர் மட்டும் அசையாமல் இருந்தார். பக்கத்தில் பார்க்கப் பயம்.

வேலு வந்தான்.

"என்னண்ணே இங்க வந்துட்டீங்க? ஒங்க கூட வந்த பிள்ளை முந்தின எடத்துலயே எறங்கிருச்சே."

அலாவுதீன் சட்டென்று எழுந்தார்.

"காமாரியா கைய ஆட்டுச்சில்ல. அதப் பாத்து எறங்கி ஓடுச்சு."

அலாவுதீன் தண்டவாளத்தோடு ஓடினார். செருப்பு எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியாது. சந்துக்குள் திரும்பினபோது, வரிசையில் கடைசியாக இருந்த தம் வீட்டு வாசலில் காமாரியா தனியாக நிற்பது தெரிந்தது. பாய்ந்து அவளை அள்ளிக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார். மகளின் உடம்பைத் தடவித் தடவிப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. வலது கை மட்டும் மணிக்கட்டுவரை ஈரம்.

"எறங்காமப் போனீங்களே, பிள்ளை எப்படி ஏங்கிப் போச்சு தெரியுமா?" என்று ஆசியா பீவி அடுப்படியிலிருந்து கேட்டாள். "நான் கோவத்துல முன்னாடி வந்துட்டேன். அவ பின்னாடி ஆடி அசைஞ்சி வந்தா."

அவர் தாழ்ப்பாளை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார்.

அடுத்த வாரம் அந்தச் சந்தில் காய்ச்சல் வந்தது. டிராம் நிறுத்தத்தை ஒட்டிய வீட்டில் முதலில். பிறகு அதற்கு அடுத்த வீடு. பிறகு அடுத்தது. வரிசை பிசகவில்லை, ஒரு வீட்டைத் தாண்டவும் இல்லை. வீட்டுக்கு வீடு குழந்தைகள் செத்தார்கள். அலாவுதீன் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. கொடுத்து வைத்தவர் என்று பிள்ளையைப் பறிகொடுத்தவர்களே அவரிடம் வந்து சொன்னார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டார்.

பண்டாக்கைத் தேடிப் போனார். துரை கப்பலேறிவிட்டார், ரீலும் போய்விட்டது. பண்டாக் தம் ஆற்றுக்குத் திரும்பவில்லை. துறைமுகத்தில் ஒரு தோணியில் படுத்துக் கிடந்தார். தாமும் அந்தக் கொட்டகையில் இருந்ததால், தம் சனத்திடம் போக மாட்டாராம். எத்தனை நாளைக்கு என்று அலாவுதீன் கேட்டார். பண்டாக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கடைசிவரை போகவே இல்லை என்று துறைமுகத்தில் பின்னால் சொன்னார்கள்.

இத்தோடு முடிந்தது என்றுதான் அலாவுதீன் நினைத்திருந்தார். மகளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. காமாரியா வளர்ந்தாள், கல்யாணம் ஆயிற்று, அதே வீட்டில் அவளுக்கும் ஒரு பையன். போன மாதம் அவனுக்கு லேசாகக் காய்ச்சல். மத்தியானம், பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தவள் தானாகப் பேச ஆரம்பித்தாள்.

"அத்தா, அன்னிக்கி டிராம்ல ஒங்க கூட ஒரு பிள்ளை வந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

அவள் விசிறியபடியே சொல்லிக்கொண்டு போனாள்.

"வீட்டுக்குப் போகணும்னு ஒரே அழுகை. வழி தெரியலன்னுச்சு. பாவமா இருந்துச்சு. நான்தான் கையப் புடிச்சி ஒவ்வொரு வீடா கூட்டிட்டுப் போனேன். 'இதா ஒன் வீடு?'ன்னு கேப்பேன். அது உள்ள போயி பாத்துட்டு, இல்லன்னு தலையாட்டிட்டு வெளிய வரும். அப்பறம் அடுத்த வீடு."

"நம்ம வீட்டுக்குள்ள...?"

"நம்ம வாசலுக்கு வந்து நிக்கிறப்பத்தான் நீங்க ஓடியாந்து என்னைத் தூக்கிட்டீங்களே. கதவையும் சாத்திட்டீங்க. நம்ம வீட்ட மட்டும் அது இன்னும் பாக்கலத்தா."

சொல்லிவிட்டு, பையன் நெற்றியில் கிடந்த ஈரத்துணியை எடுத்துத் திருப்பிப் போட்டாள்.