ஜனவரி ஒன்றில் பிறந்தவர்கள்

எங்கள் பிரிவில் அக்காவுக்கு 'சரிபார்த்தாச்சு' என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் அதையேதான் சொல்வாள். பக்கத்து நாட்டுப் போலீஸ் 'இன்ன ஆளைத் தேடுகிறோம்' என்று அனுப்பும் கடிதங்களைக் கணினியில் ஏற்றுவது அவளுக்கும் எதிர் மேசையில் இருக்கும் எனக்கும் வேலை. ஏற்றிய பத்தாவது நிமிஷம் எல்லைச் சாவடிகளுக்கெல்லாம் போய்விடும்.

பிறந்த தேதிக் கட்டத்தைக் காலியாக விட்டால் அந்தப் பாழாய்ப்போன கணினி அடுத்த பக்கத்துக்கே போகாது. பாதிக் கடிதங்களில் வருஷம் மட்டும்தான் இருக்கும். அதனால் நாள் தெரியாதவனுக்கெல்லாம் ஜனவரி ஒன்று. பதினொரு வருஷத்துக்கு முன் அக்கா ஆரம்பித்தாள். வந்து சேர்ந்த நானும் அதையே பிடித்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

போன வருஷம் ஒரு பெண் ஒரு வாரம் எங்கள் ஜன்னலில் வந்து நின்றாள். அவள் புருஷனைச் சாவடியில் பிடித்து அந்தப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். "அது அவர் இல்லைங்க" என்று ஒரே பேச்சு. அக்கா கணினியைப் பார்த்துவிட்டு, "பேரு, தேதி ரெண்டும் ஒத்துப்போகுதே. நான் என்னம்மா செய்ய?" என்றாள். எட்டாம் நாள் அந்தப் பெண் வரவில்லை. அப்பாடா என்றிருந்தது எனக்கு, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை காலை அக்காவின் கூடப்பிறந்த தம்பி, லாரி ஓட்டுபவன், அவளைப் போனில் கூப்பிட்டான். "அக்கா, சாவடியில உக்கார வச்சுட்டாங்க. நான் யாரையோ கொன்னுட்டேனாம்."

அவன் பேர் தெருவுக்கு நாலு பேருக்கு உண்டு. பிறந்த நாள் தெரியாமல் பள்ளிக்கூடத்தில் போட்ட தேதி ஜனவரி ஒன்று. அந்தக் கொலைகாரனைத் தேடும் கடிதத்தை மூன்று வாரத்துக்கு முன் ஏற்றியவளும் அக்காதான். "என் தம்பி பேரு, வருஷமும் அதேதான் பாரு" என்று என்னிடம் சிரித்தாள்.

சாவடி அதிகாரி போனை வாங்கினார். "நாலு மணிக்கு அந்தப் பக்கத்துப் போலீஸ் வண்டி வருது. பேரு, தேதி எல்லாம் ஒத்துப்போகுதே. நான் என்னம்மா செய்ய?"

அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. திருத்தம் அனுப்பினால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் பதினொரு வருஷமும் வெளியே வரும்.

"கணினிக் கோளாறுன்னு போடும்மா. உண்மையைப் போட்டா வேலை போயிடும்," என்றார் பிரிவு அதிகாரி.

"கோளாறுன்னா விசாரிக்கவே நாலு நாள் ஆகும் சார். தம்பிக்கு நாலு மணி வரைக்கும்தான் இருக்கு."

'நாளும் மாதமும் கடிதத்தில் இல்லை. நானாகப் போட்டேன்' என்று அக்கா தட்டினாள். மூன்று தடவை அழித்து எழுதினாள். பிறகு இருவரும் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மூணே முக்காலுக்கு அது அடித்தது. தம்பியை விட்டுவிட்டார்கள்.

நான் நாற்காலியில் சாய்ந்தேன். அக்கா எழுந்து போய் போன வருஷத்துக் கோப்பு ஒன்றை உருவினாள். அந்த ஜன்னல் பெண்ணின் புருஷனைப் பிடித்துக்கொடுத்த கோப்பு. அந்தப் பக்கத்துக் கடிதத்தில் வருஷம் மட்டும் இருந்தது. நாங்கள் ஏற்றிய தாளில் ஜனவரி ஒன்று. கடைசி வரியைப் படித்துவிட்டு, கோப்பைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள்.

"இதை நீதான் எழுதணும்," என்றாள்.

ஏற்றியவர் என்ற இடத்தில் என் பேர் இருந்தது. ஒரு வருஷமாக அந்த மனுஷன் உள்ளே இருக்கிறான். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. நான் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை.