இரவல் வியாழன்

ஹேர் ட்ரையரின் சூடான காற்று தரையில் ஒட்டிய மஞ்சள் நாடாவின் ஒரு முனையில் விழுந்துகொண்டிருந்தது. இடது கை அதை அசைத்துக்கொண்டே இருந்தது. ஓரிடத்தில் நின்றுவிட்டால் பலகை நிறம் மாறிவிடும். வலது கையின் கட்டைவிரல் நாடாவின் ஓரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. பசை இளகியதும், கார்க் கண்ணாடியில் பனி சுரண்டுகிற பிளாஸ்டிக் தகடு அதன் அடியில் படுத்தவாக்கில் நுழைந்தது. நாடா எழுந்து கொடுக்கிற அளவுக்குத்தான் தகடு முன்னால் போயிற்று. ஒரு வட்டம் முழுசாக வந்ததும் கைகள் அதைச் சுருட்டி வாளியில் போட்டுவிட்டு அடுத்த வட்டத்துக்கு நகர்ந்தன.

வசந்தத்தில் எங்கள் லோகன் குடா ஹாலில் தடுப்பூசி முகாம் நடந்தபோது ஒட்டிய வட்டங்கள் அவை. ஆட்கள் தள்ளித் தள்ளி நிற்பதற்காக ஹால் கமிட்டித் தலைவர் அல்லிஸ்டர் தாமே மண்டியிட்டு ஒட்டினார். தரைக்கென்று விற்கிற நாடா கடையில் தீர்ந்துபோயிருந்தது. தம் படகில் மீன் பெட்டிகளுக்கு ஒட்டும் நாடாவைக் கொண்டுவந்துவிட்டார். கடல் தண்ணீருக்கே அசையாத பசை அது. ஒரு கோடை முழுக்க ஜன்னல் வெயில் அதன்மேல் விழுந்ததில் மேப்பிள் பலகையோடு பலகையாகிவிட்டது.

அதை எடுத்துக்கொண்டிருந்தவள் மார்செலா கில்லிஸ். காலையில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுவாள், மாலையிலும் ஓட்டுவாள். நடுவில் கிடைக்கும் நேரத்தில் ஊர்க்காரர்களின் தரைகளை இழைத்துக் கொடுப்பாள். இந்த வேலையை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இளவயதில் வாடகைக்கு இயந்திரம் எடுத்துவந்து தன் சமையலறைத் தரையை இழைத்தாள். நடுவில் ஒரு பள்ளம் விழுந்தது. அந்தப் பள்ளத்தில் இன்றும் அவள் நாயின் தண்ணீர்க் கிண்ணம் ஆடாமல் உட்கார்ந்திருக்கிறது. அடுத்த அறையை ஒழுங்காக இழைத்தாள். அதற்குப் பிறகு எங்கள் கேப் பிரெட்டன் தீவின் இந்தக் கரையில் எந்த ஹாலில் ஆடினாலும் கால் வைத்ததுமே இது மார்செலா கைபட்ட தரை என்று சொல்லிவிடலாம். அவள் வார்னிஷ் அடிப்பதில்லை, எண்ணெய்தான் தேய்ப்பாள். வார்னிஷ் அடித்தால் குதிகால் சத்தம் அமுங்கிவிடும் என்பாள். பிடிலுக்கு ஈடாகக் கால் பேசாவிட்டால் எங்கள் ஊரில் அதை ஆட்டம் என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு ஹாலுக்கும் ஆட்டத்துக்கென்று ஒரு கிழமை. சனி எங்களுடையது. வியாழன் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பிளாக் ரிவருடையது. ஒரு ஹாலின் கிழமையில் இன்னொரு ஹால் கதவைத் திறப்பதில்லை. எங்கேயும் எழுதி வைத்ததில்லை, மீறியவர்களும் இல்லை.

செட் என்றால் நாலு ஜோடி கூடி ஆடும் ஒரு சுற்று. ஒவ்வொரு சனிக்கிழமையும் கடைசி செட்டை மார்செலா லாக்கியோடுதான் ஆடுவாள். லாக்கி முதியோர் இல்லத்தில் சமையல்காரன். அவளைவிட இரண்டு வயது பெரியவன், அவளைப் போலவே தனிக்கட்டை. ஆடலாமா என்று அவன் கேட்டதில்லை, அவளும் காத்திருந்ததில்லை. கடைசி செட்டுக்குப் பிடில் எழும்போது இருவரும் தரையின் நடுவில் நிற்பார்கள், அவ்வளவுதான். ஹாலுக்கு வெளியே சாலையில் எதிர்ப்பட்டால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரல் உயரும். தொற்றால் ஆட்டம் நின்றுபோயிருந்த காலமெல்லாம் அவர்களுக்கு இடையில் அந்த ஒரு விரல்தான் மிஞ்சியிருந்தது. மார்செலா யாரிடமும் இதைப் பற்றிப் புலம்பியதில்லை. ஆனால் வட்டங்களை எடுக்கிற வேலைக்குக் கூலி வேண்டாம், கடைசி செட் திரும்ப வந்தால் போதும் என்று அல்லிஸ்டரிடம் சொல்லியிருந்தாள். என்ன அர்த்தம் என்று அவர் கேட்கவில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த இலையுதிர் காலத்தில் தினமும் ரேடியோவில் ஊசி போட்டவர்களின் சதவீதம் சொன்னார்கள். சிங்கி இறால் விலையைக் கேட்பதுபோல் படகுத்துறையில் நின்று கேட்டோம். நாலில் மூன்று பேர் இரண்டு ஊசியும் போட்டுவிட்டால் கட்டுப்பாடுகளை எடுப்போம் என்று மாகாண அரசு சொல்லியிருந்தது. அந்த எண் வந்ததும் ஆட்டம் தொடங்கலாமா என்று முடிவு செய்ய ஒரு திங்கட்கிழமை மாலை ஹாலில் கூடினோம். தரைக்கு அப்போதுதான் எண்ணெய் தேய்த்திருந்தது. வாசலில் நின்று ஒவ்வொருவரையும் செருப்பைக் கழற்றவைத்தாள் மார்செலா. நாற்காலிக் கால்களில் பழைய டென்னிஸ் பந்துகளை மாட்டியிருந்தாள்.

கடைக்காரி எஃபி முதலில் எழுந்தாள். அவளுக்கு எப்போதும் மெதுவாகப் பேச வராது. முகக்கவசம் போட்டும் சத்தம் குறையவில்லை.

"என் தங்கச்சி மக கல்யாணத்த நான் ஃபோன்ல பாத்தேன். மாப்பிள்ளை நெட்டையா குட்டையான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ரெண்டு ஊசி போட்டது எதுக்கு? அதே ஃபோன்ல ஆடிக் காட்டவா?"

ஊசி போடாதவர்களை உள்ளே விடுவதா என்று ஒருவர் கேட்டார். சான்றிதழ் இல்லாமல் யாரும் வரக்கூடாது என்று மாகாணமே சொல்லிவிட்டது என்றார் அல்லிஸ்டர். சொந்த ஊர் ஹாலில் காகிதம் காட்டி நுழைவதா என்று பின்வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. எஃபி திரும்பிப் பார்த்ததும் அடங்கியது. இப்படிக் கொஞ்ச நேரம் முன்னும் பின்னும் இழுபட்ட பிறகு, கதவோரம் உட்கார்ந்திருந்த லாக்கி எழுந்தான்.

"ஆடாதீங்கன்னு நான் சொல்லல. எங்க இல்லத்துல இருக்கிறவங்களும் ஊசி போட்டுக்கிட்டாங்கதான். ஆனா அதெல்லாம் வயசான நெஞ்சு, இருமினாலே படுத்துரும். இங்க சனிக்கிழமை ஆடிட்டு ஞாயித்துக்கிழமை விடியக்காலைல நான் போயி அவங்களுக்குக் கஞ்சி ஊட்டணும். என்னால ஆகாது. ஆடுங்க, என்னைய எதிர்பாக்காதீங்க."

மார்செலா எண்ணெய்த் துணியை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

லாக்கியை இழக்க அல்லிஸ்டருக்கும் மனமில்லை. செட்டில் அடுத்த கட்டம் எது என்று குரல் கொடுத்து நடத்துகிறவனும் அவன்தான். அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு ஹாக்கி மட்டை தூரம் தள்ளி நில்லுங்கள் என்று ஒன்றரை வருடமாகக் கடை வாசல்களில் ஒட்டியிருந்தார்களே, அந்த மட்டையையே ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்துக்கொண்டு ஆடினால் என்ன? கை தொடவேண்டியதில்லை, முகமும் நெருங்காது. வேறு நாட்டில் சொன்னால் சிரித்திருப்பார்கள். எங்கள் ஊரில் பத்துப் பேர் எழுந்து தங்கள் வண்டியிலிருந்து மட்டை எடுத்துவரப் போனார்கள்.

நாலு ஜோடி நின்றது. பிடில்காரன் ஹூயி பிடிலை எடுத்து ரீல் என்கிற வேகமான ஆட்டப் பாட்டு ஒன்றை வாசித்தான். முதல் சுற்று அழகாகப் போயிற்று. அல்லிஸ்டரின் முகத்தில் பெருமை. அடுத்தது ஜோடி மாறுகிற கட்டம். வலது கை கொடுத்து இடது கை வாங்கி வளையமாகக் கடந்து போகவேண்டும். கை என்றால் விட்டுப் பிடிக்கலாம். மட்டையை விட்டால் விழும், விடாவிட்டால் அடுத்தவர் இடுப்பில் இடிக்கும். எஃபியின் மட்டை பாதிரியாரின் ஸ்வெட்டருக்குள் நுழைந்து மறுபக்கம் வந்தது. அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அவளோடு சுற்றினார். யாரோ பழக்கதோஷத்தில் கோல் அடிப்பதுபோல் மட்டையை ஓங்கினார்கள். ஹூயிக்குச் சிரிப்பில் வில் தந்தியிலிருந்து நழுவிக் கீச்சென்று ஒரு சத்தம் வந்தது, பாட்டு நின்றது. இரண்டு மட்டைகள் தரையில் விழுந்து சறுக்கிக்கொண்டு போயின.

எண்ணெய் காயாத பலகையில் நீளமாக ஒரு கீறல்.

சிரிப்பு அப்படியே நின்றது. மார்செலா மண்டியிட்டுக் கட்டைவிரலால் கீறலைத் தடவிப் பார்த்தாள். பக்கத்தில் இன்னொருவர் மண்டியிடும் சத்தம் கேட்டது. லாக்கி. கண்ணில் சிரித்த ஈரம் இன்னும் இருந்தது.

"ஆழமா?" என்றான்.

"நகக்கீறல் அளவுதான். போயிடும்." அவள் தலை நிமிரவில்லை. "உனக்கு லீவு என்னிக்கு?"

"வெள்ளியும் சனியும். ஏன்?"

"ஞாயித்துக்கிழமை உள்ள போறதுக்கு முன்னாடி மூக்குல குச்சி விட்டுப் பாப்பாங்கதானே?"

"ஒவ்வொரு வாரமும் பாக்குறாங்க."

"அப்ப வியாழக்கிழமை ஆடினா உனக்கு நடுவுல ரெண்டு முழு நாள் கிடைக்குது. தொண்டை கரகரன்னாலும் தெரிஞ்சுரும், குச்சியும் சொல்லிரும். டான்ஸ் உனக்குப் பிரச்சினை இல்ல லாக்கி. சனிக்கிழமைதான் பிரச்சினை."

லாக்கியும் விரலால் கீறலைத் தடவினான். பிறகு, அப்படியென்றால் செய்யலாம் என்று மெதுவாகச் சொன்னான். இல்லத்தின் மேற்பார்வையாளரிடம் கேட்டு, அவர் சரி என்றால் வருவதாகவும் சொன்னான்.

அவ்வளவு நேரம் ஊசியைப் பற்றிச் சண்டை போட்ட ஹால், இப்போது ஒற்றுமையாக வேறொன்றுக்காகக் கொதித்தது. வியாழக்கிழமையா? அது பிளாக் ரிவருடையது. கட்டுப்பாட்டை எடுக்கலாமா கூடாதா என்று பிரிந்து நின்றவர்கள் எல்லாம் இதில் ஒரே கட்சி. தொற்று வந்தாலும் பிளாக் ரிவர்க்காரர்களின் முகத்தில் முழிக்கலாம், அவர்கள் கிழமையைத் திருடிவிட்டு முழிக்கமுடியாது என்றார் அல்லிஸ்டர்.

"திருட வேண்டாம். கேட்டு வாங்குறேன்," என்றாள் மார்செலா.

மறுநாள் காலைப் பேருந்தை நிறுத்திவிட்டு மலையைத் தாண்டிப் போனாள். பிளாக் ரிவர் ஹாலின் பொறுப்பாளர் மேரி ஜெசி முட்டைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். சமையலறைக் கூரை ஒழுகியதாலும் கூரைக்காரன் வராததாலும் அவர்கள் அந்தப் பருவம் திறக்கப்போவதில்லை. அந்த வருத்தத்தில் இருந்தவரிடம் போய் அவர்களுடைய கிழமையைக் கேட்பது சின்ன விஷயமல்ல. மார்செலா சுற்றி வளைக்காமல் கேட்டாள். மேரி ஜெசி முட்டையைக் கீழே வைத்தார்.

"லோகன் குடாக்காரங்களுக்கு வியாழக்கிழமை ஆடத் தெரியுமா?"

"நீங்க வந்து சொல்லிக்குடுங்க."

"சனிக்கிழமை உங்ககிட்ட இருக்கே, அது போதாதா?"

மார்செலா அப்போதுதான் லாக்கியின் பெயரைச் சொன்னாள். ஞாயிறு விடியற்காலைக் கஞ்சியைச் சொன்னாள். அதற்கு மேல் அவள் எதுவும் விளக்கவில்லை. மேரி ஜெசி கீழே வைத்த முட்டையை மறுபடி எடுத்துத் துடைத்தார். கடைசி செட்டைப் பற்றி மலைக்கு அந்தப் பக்கமும் தெரிந்திருக்கிறது.

"குடுக்கிறதுக்கில்ல, இரவல். எங்க கூரை மாத்தினதும் திரும்ப வந்துரணும். எங்க ஆளுதான் பியானோ. ஆரம்பிக்கிறப்ப இது பிளாக் ரிவரோட ராத்திரின்னு சத்தமா சொல்லணும். அதையும் அல்லிஸ்டர்தான் சொல்லணும்."

அல்லிஸ்டர்தான் சொல்லவேண்டும் என்பதைக் கேட்டு எங்கள் ஊரே ஒரு வாரம் சிரித்தது. அவர் படகில் தனியாக நின்று அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பழகியதைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். லாக்கியின் மேற்பார்வையாளரும் சரி என்றார். வெள்ளி, சனி இரண்டு நாளும் அவன் இல்லத்துப் பக்கம் வரக்கூடாது, ஞாயிறு சோதனை முடியாமல் அடுப்படிக்குள் கால் வைக்கக்கூடாது என்று மட்டும் சொன்னார்.

நாலில் மூன்று என்ற எண்ணும் வந்து, ஹால்களைத் திறக்கலாம் என்ற அறிவிப்பும் வந்த பிறகு, முதல் வியாழன். கீறல் இருந்த இடத்தை மார்செலா மெல்லிய மணல்தாளால் பலகையின் நரம்போடு தேய்த்து, எண்ணெய் விட்டு, துடைத்து, மறுநாள் இன்னொரு முறை விட்டுக் காயவைத்திருந்தாள். அந்த மாலையிலும் பேருந்தை விட்ட கையோடு வந்து கம்பளித் துணியால் தரை முழுக்க ஒருமுறை தேய்த்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தே இருந்தது. உள்ளே வர யாருக்கும் துணிச்சல் இல்லை.

வெளியே வரிசை சாலை வரை நின்றது. மலைக்கு அந்தப் பக்கத்து வண்டிகளும் வந்திருந்தன. வாசலில் எஃபி மேசை போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு சான்றிதழையும் கண்ணருகே பிடித்துப் பார்த்தாள். பாதிரியார் தம்மைத் தெரியாதா என்று கேட்டார். ஸ்வெட்டரை நன்றாகத் தெரியும், காகிதத்தைக் காட்டுங்கள் என்றாள். காகிதம் காட்டுவதா என்று அன்று முணுமுணுத்தவர் எல்லோருக்கும் முன்னால் வந்து காட்டிவிட்டு நின்றார். மேரி ஜெசி பியானோக்காரனோடு வந்து வரிசையின் முன்னால் அல்லிஸ்டரின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

லாக்கி வரிசையில் நிற்கவில்லை. காகிதத்தைக் காட்டிவிட்டு நேராக வாசல்படிக்கு வந்து நின்றான். வெள்ளைச் சட்டை, துடைத்த ஷூ. மார்செலா எழுந்தாள். முழங்காலில் தூசி, விரல்களில் எண்ணெய்.

"கடைசி செட்டுக்கு இன்னும் நேரமிருக்கு," என்றாள்.

"ஒன்றரை வருஷமா கடைசி செட்டுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன். இன்னிக்கு மொத செட்டுலயே ஆரம்பிப்போம். வர்றியா?"

ஆடலாமா என்று அவன் வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"கையெல்லாம் எண்ணெய்."

"இருக்கட்டும்."

அவள் கம்பளித் துணியை ஜன்னல் திட்டில் வைத்தாள். தரையை ஒருமுறை நீளவாக்கில் பார்த்தாள். மாலை வெளிச்சம் பலகைகளின் மேல் தடையில்லாமல் மறுசுவர் வரை போயிற்று. பிறகு அல்லிஸ்டரைக் கூப்பிட்டு, தரை வேலைக்காக வாங்கி வைத்திருந்த ஹால் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இந்தாங்க. தரை ரெடி. இனி உங்க எல்லாருக்கும்."