மூணும் நாலும்

டிரைவிங் ஸ்கூலில் அவளை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். மூணு என்ற பேர் அங்கே யாருக்கும் தெரியாது. அதை வைத்தவர் ஓட்டப் பயிற்சி மாஸ்டர். நான்கு பெண்கள் ஆளுக்கு நூறு மீட்டர் ஓடி, கையிலிருக்கும் குச்சியை அடுத்தவளிடம் கொடுக்கும் ரிலே ஓட்டத்துக்கு அணி சேர்த்த அன்று, நான்கு பேரின் பேரையும் மனப்பாடம் செய்ய அவருக்குப் பொறுமை இல்லை. ஓடும் வரிசைப்படி ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று கூப்பிட்டார். அப்படியே ஒட்டிக்கொண்டது.

ஒண்ணு கல்யாணமாகிக் கடல் கடந்து போனாள். ரெண்டு ஏதோ வங்கியில் இருப்பதாகக் கேள்வி. நாலுதான், அந்தப் பேராலேயே, நாடறிந்தவள் ஆனாள். நூறு மீட்டரில் மூன்று தங்கம், அவள் முகம் போட்ட தபால்தலை, அவள் பேரில் ஒரு மைதானம், சோப்பு விளம்பரம், சுயசரிதை. மூணு டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் பாதத்தை வைத்துக்கொண்டு, "கிளட்ச்ச விடுங்க, மெதுவா, மெதுவான்னு சொன்னேன்" என்று சொல்லிச் சொல்லியே நாற்பத்தொன்பது வயதைத் தொட்டுவிட்டாள். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் இருபது நாள் பழகுவார்கள், வீட்டுக் கதையெல்லாம் சொல்வார்கள், லைசென்ஸ் வந்ததும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அவள் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டால், "ஓட்டக் கத்துக்க வர்ற ஆம்பளைங்களப் பாத்தா அந்த ஆசையே வராது" என்பாள்.

மாடியில் ஒற்றை அறை. அந்த அறைக்குள் நாலுவின் சுயசரிதையில் ஒரு பிரதியும் இருந்தது. அதில் எண்பத்தேழாம் பக்கத்தை மட்டும் அவள் படித்திருக்கிறாள். "ரிலே இறுதிப் போட்டியில் என் தோழி பதற்றத்தில் குச்சியைத் தவறவிட்டாள். நான் அவளை அன்றே மன்னித்துவிட்டேன்."

மன்னித்தாளாம்! குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்த கதையாக இல்லை?

நடந்தது இதுதான். மூன்றாவதாக ஓடுகிறவள் வளைவைச் சுற்றி வருவாள். நான்காவதாக ஓடுகிறவள் தனக்குப் பின்னால் இருபத்தைந்து அடி தள்ளித் தரையில் ஒரு வெள்ளை டேப் ஒட்டி வைத்திருப்பாள். வருகிறவளின் கால் அந்த டேப்பை மிதிக்கும் கணத்தில் இவள் பாய வேண்டும். பாய்ந்தபின் திரும்பிப் பார்க்கக் கூடாது; கையை மட்டும் பின்னால் நீட்ட வேண்டும். அன்று மூணு டேப்பை மிதிக்க இன்னும் இரண்டு எட்டு இருந்தபோதே நாலு பாய்ந்துவிட்டாள். மூணு உயிரைக் கொடுத்து ஓடினாள். நாட்டிலேயே வேகமானவளைத் துரத்திப் பிடிப்பது அவளால் ஆகிற காரியமா? நீட்டிய குச்சி நாலுவின் விரலில் பட்டுத் தரையில் விழுந்து உருண்டது. கேமராவில் பதிந்தது அந்த உருளலும், முழங்கால் தேய விழுந்து கிடந்த மூணுவும்தான்.

பார்வையாளர் படிக்கட்டுக்குக் கீழே இருந்த நடைபாதையில் மாஸ்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"நாளைக்கு அவளுக்கு நூறு மீட்டர் இருக்கு. சீக்கிரம் கிளம்பிட்டோம்னு தெரிஞ்சா கால் தயங்கும். உன் தப்புன்னே இருக்கட்டும். நாளான்னைக்கு நானே எல்லார்கிட்டயும் சொல்லிச் சரி பண்றேன்."

இருபத்திரண்டு வயதில் மாஸ்டர் சொன்னால் மலையையும் தூக்கலாம் என்றுதான் தோன்றும். மைக்குகளுக்கு முன்னால் நின்று, "என் தப்புதான்" என்றாள். மறுநாள் நாலு ஜெயித்தாள். அதன்பின் ஊர்வலம், மாலை, விருந்து. மாஸ்டர் சொன்ன நாளான்னைக்கு வரவே இல்லை. ஏழு வருஷம் கழித்து அவரும் போய்ச் சேர்ந்தார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம்.

மூணுவைக் குடைந்தது மாஸ்டர் இல்லை, நாலு. இரண்டு பேரும் மூன்று வருஷம் ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவர்கள். ஒருத்தி சாக்ஸை இன்னொருத்தி போட்டுக்கொண்டு ஓடியவர்கள். தன் கால் எப்போது கிளம்பியது என்று தனக்கே தெரியாமல் இருக்குமா? தெரிந்துகொண்டேதான் மன்னிக்கிறாள் என்று மூணு முடிவு கட்டினாள். விருந்து முடிந்த கையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு நாலுவோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் சினிமா கம்பெனியிலிருந்து இரண்டு பேர் டிரைவிங் ஸ்கூலுக்கு வந்தார்கள். ஏதோ நடிகைக்குக் கார் ஓட்டக் கற்றுத்தர வேண்டும் போல என்று நினைத்து, "ரெண்டு போட்டோ, வயசுக்கு ஒரு சான்று" என்று ஆரம்பித்துவிட்டாள்.

"அதில்லங்க மேடம். நாலு மேடத்தோட வாழ்க்கைய படமா எடுக்கறோம். ஹீரோயினுக்கு ரிலே ஓடக் கத்துக்கொடுக்கணும். உங்க பேரைச் சொன்னதே அவங்கதான்."

காட்சியைக் காட்டுங்கள் என்று கேட்டு வாங்கிப் படித்தாள். அதில் மூன்றாவது பெண் ஓடும்போது கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள், தடுக்கி விழுகிறாள். மூணுவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. புத்தகத்தைப் பத்துப் பேர் படிப்பார்கள், மறப்பார்கள். சினிமா அப்படியா? இனி அவள் செத்த பிறகும் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே தடுக்கி விழுந்துகொண்டிருப்பாள். வருகிறேன் என்று ஒப்புக்கொண்டாள். ஓடக் கற்றுத்தருவதற்காக இல்லை. நாலு என்றைக்காவது அங்கே வருவாள். தெரிந்துதானே மன்னித்தாய் என்று முகத்துக்கு நேரே ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட வேண்டும்.

நடிகையைப் பற்றி அவள் நினைத்து வைத்திருந்ததெல்லாம் முதல் நாளே பொய்யானது. அந்தப் பெண் இரண்டு சுற்று ஓடி, ஓரமாகப் போய் வாந்தி எடுத்து, வாயைக் கழுவிக்கொண்டு வந்து, "அடுத்தது என்னக்கா?" என்றாள். பதினைந்து வயதில் நடிக்க வந்தவள். எட்டு வருஷத்தில் முப்பது படம். எடை ஒரு கிலோ கூடினால் நான்கு பேர் பேசுவார்கள், குறைந்தால் ஆறு பேர். மதியம் வேனுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வேகவைத்த காய்கறியைத் தனியாகத் தின்பாள். இரண்டாம் வாரம் மூணுவையும் உள்ளே கூப்பிட்டுக்கொண்டாள்.

"என்னை எல்லாருக்கும் தெரியுதுக்கா. எனக்குத்தான் யாரையும் தெரியல" என்று ஒரு நாள் சொன்னாள். மூணு தன் டப்பாவிலிருந்த அவித்த முட்டையில் பாதியை அவளுக்குக் கொடுத்தாள்.

மூன்றாம் வாரம் நாலு வந்தாள். உடம்பு பெருத்திருந்தது. ஒரு கையில் ஊன்றுகோல். இடுப்பில் ஆபரேஷன் ஆனதாகப் பேப்பரில் வந்திருந்தது. டைரக்டர், மேனேஜர், போட்டோக்காரர் என்று சுற்றிலும் இருபது பேர்.

"நல்லா இருக்கியா மூணு?"

"இருக்கேன்."

அவ்வளவுதான். இருபத்தேழு வருஷமாகக் கூர்தீட்டி வைத்திருந்த கேள்வி இருபது பேர் நடுவில் தொண்டையைத் தாண்டவில்லை.

அன்றைக்குப் பார்த்து மூன்றாவது ஆளாக நடிக்கும் பெண்ணுக்குக் காய்ச்சல். நாலு மேடம் பார்க்கும்படி குச்சி கைமாறுவதைச் செய்து காட்ட வேண்டும் என்றார் டைரக்டர். "நானே ஓடி வரேன்" என்றாள் மூணு. முழங்காலில் பட்டி கட்டிக்கொண்டு வளைவின் தொடக்கத்துக்கு நடந்து போனாள். நடிகை நான்காவது ஆளின் இடத்தில் தயாராக நின்றாள். டேப் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் நாலு கோலை ஊன்றி நின்றாள்.

மூணு ஓடினாள். வயசான கால் என்றாலும் வளைவு மறக்கவில்லை. டேப் நெருங்கியது. நாட்டின் பெரிய வீராங்கனை பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்ற பதற்றமோ என்னவோ, நடிகை பாய்ந்துவிட்டாள். மூணு குச்சியை எட்டி நீட்டினாள். விரலில் பட்டு விழுந்தது.

"சீக்கிரம் கிளம்பிட்டம்மா" என்றாள் நாலு.

நடிகைக்கு முகம் சிவந்துவிட்டது. "இல்ல மேடம், அக்கா டேப்ப மிதிச்சப்புறம்தான் கிளம்பினேன். கண்ணால பாத்தேன்."

உதவி டைரக்டர் செல்போனில் படம் பிடித்திருந்தார். ஓட்டிக் காட்டினார். மூணுவின் கால் டேப்புக்கு இரண்டு எட்டு பின்னால் இருந்தது. நடிகை அதற்குள் பறந்துகொண்டிருந்தாள்.

"ஐயோ! சத்தியமா மேடம், சரியாத்தான் கிளம்பினேன்னு நெனச்சேன். எனக்குத் தெரியவே இல்ல."

நாலு போனைக் கையில் வாங்கினாள். இன்னொரு முறை போடச் சொன்னாள். பிறகு இன்னொரு முறை. நான்காவது முறை பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் முகத்தில் இரத்தம் இல்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் மூணுவுக்குப் புரிந்துபோயிற்று. இவளுக்குத் தெரியாது. அன்றைக்கும் தெரியாது, இன்று காலை வரைக்கும் தெரியாது. இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வளர்த்த கோபத்துக்கு ஆளே இல்லை என்று ஆனபோது, அவள் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

நாலு கோலைத் தட்டித் தட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"அன்னிக்கும் இப்படித்தானா?"

"ஆமா. ரெண்டு எட்டு."

"மாஸ்டர் பாத்தாரா?"

"அவர்தான் சொல்லாதேன்னாரு. உனக்கு மறுநாள் ஓட்டம் இருந்துச்சு."

"மறுநாள் வரைக்கும் சரிடி. அதுக்கப்புறம்?"

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன். நீயே வந்து சொல்லுவேன்னு இருந்தேன்."

"எனக்கு எப்படித் தெரியும்? நான் முன்னால பாத்து ஓடறவ. பின்னால நடந்தத நீதானே சொல்லணும்?" நாலுவின் குரல் உடைந்தது. "எத்தனை மேடையில உன்னை மன்னிச்சேன் தெரியுமா? ஒரு தடவ வந்து என் கன்னத்துல ஒண்ணு விட்டிருக்கலாம்ல? பெட்டிய எடுத்துட்டுப் போயிட்ட. அவமானத்துல என் மூஞ்சியப் பாக்கப் பிடிக்கலேன்னு நெனச்சேன். கூப்பிடவும் பயமா இருந்துச்சு. இந்த வேலைக்கு உன் பேரச் சொன்னதே உன்னப் பாக்க வேற வழி தெரியாமத்தான்."

மேனேஜர் வந்து, போட்டோ எடுக்க எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்றார். நாலு போனாள்.

அடுத்த வாரம் படத்துக்கான பத்திரிகையாளர் சந்திப்பில் நாலு எழுந்து, "அன்று குச்சி விழுந்தது என் தவறு. என் தோழியின் தவறு இல்லை" என்று சொன்னாள். காட்சியையும் மாற்றி எழுத வைத்தாள். மூணு ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. ஆனால் நடந்ததைப் பாருங்கள்! மறுநாள் எல்லாப் பேப்பரிலும் நாலுவின் நேர்மைதான். எந்த வீராங்கனைக்கு இந்தத் துணிச்சல் வரும் என்று ஒருவர் எழுதினார். பதக்கத்தோடு பதக்கமாக அதுவும் அவள் கழுத்திலேயே போய் விழுந்தது. ஒரே ஒரு பேப்பர் மூணுவின் படத்தைப் போட்டது. அந்தப் படத்தில் இருந்ததும் மூணு இல்லை, வங்கியில் இருக்கும் ரெண்டு.

டிரைவிங் ஸ்கூல் முதலாளி பேப்பரை மடித்தபடி, "என்ன பெரிய மனசு பாருங்க டீச்சர் அந்தம்மாவுக்கு" என்றார். "ஆமாங்க" என்றாள் மூணு. காரில் ஏறி, புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குக் கண்ணாடி திருப்பக் கற்றுக்கொடுத்தாள்.

மாலையில் நாலு போன் செய்தாள்.

"பேப்பர் பாத்தியா?"

"பாத்தேன்."

"சந்தோஷமா?"

சந்தோஷம் எங்கே என்று மூணு தேடிப் பார்த்தாள். "தெரியல நாலு" என்றாள்.  பிறகு நாலு இடுப்பு வலியைப் பற்றிச் சொன்னாள். மூணு முழங்காலைப் பற்றிச் சொன்னாள். சர்க்கரை உண்டா என்று இவள் கேட்டாள். பிரஷர்தான் என்றாள் அவள். ஆஸ்பத்திரி வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு பேர் பேசிக்கொள்வது போல இருந்தது. ஒருத்தி சாக்ஸை இன்னொருத்தி போட்டுக்கொண்ட அந்த இரண்டு பெண்களும் இந்தப் பேச்சில் எங்கும் இல்லை. வீட்டுக்கு வா, நாலு நாள் இருந்துவிட்டுப் போ என்றாள் நாலு. வருகிறேன் என்றாள் மூணு. அங்கே யாரோ "மேடம்" என்று கூப்பிட்டார்கள். போன் வைக்கப்பட்டது.

அடுப்பில் தண்ணீர் வைத்தாள். ஓர் உண்மையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இந்த அறையில் அவள் ஒருநாளும் தனியாக இருந்ததில்லை. சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் நாலுவோடு வாய்க்குள்ளேயே சண்டை போட்டபடி இருந்தாள். கேட்பாள், நாலு மழுப்புவாள், இவள் விடமாட்டாள். இன்று சண்டை போட ஆள் இல்லை. அறை அறையாக மட்டும் இருந்தது. தண்ணீர் கொதித்து வற்றும்வரை நின்று அழுதாள். பழி சுமந்ததற்காக அழவில்லை. ஒரு கேள்வி, ஒரு நிமிஷம், அவ்வளவுதான் வேண்டியிருந்தது. நாலுவின் வீடு மூன்று மணி நேரத் தூரம். இத்தனை வருஷமும் காரும் கையில் இருந்தது, ஓட்டவும் தெரியும்.