டீச்சர் படுத்த சட்டை

எங்கள் அக்கா சிங்கத்தின் கூண்டுக்குள் போகும்போது செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டுப் போவாள். ஏன் என்று கேட்டால், "இப்பதான கழுவி விட்டேன், மிதிக்க மனசு வரல" என்பாள். வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் மண்டைக்கனம் என்று நினைத்திருப்பேன். இவள் நிஜமாகவே தரையைப் பற்றித்தான் சொன்னாள்.

நானும் அதே மிருகக்காட்சிசாலையில்தான் வேலை செய்கிறேன், டிக்கெட் கவுன்டரில். நான் கண்ணாடிக்குப் பின்னால், அவள் கம்பிக்குப் பின்னால். யாருடைய வேலை ஆபத்தானது என்று வீட்டில் அடிக்கடி சண்டை வரும். அக்காவின் வீட்டுக்காரர், வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறவர், எனக்குத்தான் ஓட்டுப் போடுவார். "சில்லறை இல்லன்னு சொன்னா சிங்கம் கோவிச்சுக்காது. உன்கிட்ட வர்றவங்க கடிச்சு வெச்சிருவாங்க" என்பார் மாமா.

அக்கா முதலில் சமையற்கட்டில்தான் சேர்ந்தாள். மிருகங்களுக்கான சமையற்கட்டு. காய் நறுக்குவது, பழம் எண்ணிப் போடுவது, இறைச்சியை எடை போடுவது. கொஞ்ச நாளில் வாளியைத் தூக்கிக்கொண்டு அவளே கூண்டுகளுக்குப் போக ஆரம்பித்தாள். முள்ளம்பன்றி அவள் கையிலிருந்து மட்டும் பூசணித் துண்டை வாங்கியது. நீர்நாய்கள் அவள் காலடிச் சத்தம் கேட்டாலே தண்ணீரிலிருந்து தலையை நீட்டின. சாப்பிட உட்கார்ந்தால் இந்தக் கதைகள்தான். ஆந்தை இன்று ஒரு கண்ணை மட்டும் மூடிப் பார்த்தது, மான்குட்டிக்கு விக்கல் வந்தது என்று சொல்லிக்கொண்டே போவாள். அவள் தட்டில் சோறு காய்ந்துபோகும். எனக்கு மிருகங்கள் மேல் அத்தனை பிரியம் இல்லை. ஆனால் அக்கா சொல்லும்போது வாயைப் பிளந்துகொண்டு கேட்டிருக்கிறேன்.

வீட்டில் ஒரு நாய் இருந்தது. கறுப்பு உடம்பு, ஒரு முன்கால் மட்டும் வெள்ளை. யார் வரிசை தப்பி நடந்தாலும் உறுமும். பூனை ஜன்னலில் ஏறினாலும் உறுமும், மாமா ஈரக்காலோடு உள்ளே வந்தாலும் உறுமும். அதனால் டீச்சர் என்று பெயர் வைத்தோம். டீச்சர் குட்டி போட்டு, ஒன்றுகூடத் தங்காமல் போன அதே வாரத்தில்தான் மிருகக்காட்சிசாலையில் பெண் சிங்கம் குட்டி போட்டது. போட்டதோடு சரி, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அக்கா புட்டிப்பாலைக் கரைத்துக் கொடுத்துப் பார்த்தாள். குட்டி பாதியைத்தான் குடித்தது. எங்கள் குடியிருப்பு மிருகக்காட்சிசாலையின் பின்சுவரை ஒட்டித்தான் இருக்கிறது. அவள் ஓடி வந்து, பால் கட்டிக்கொண்டு முனகிக் கிடந்த டீச்சரை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள்.

நானும் பின்னாலேயே போனேன். துண்டில் சுற்றிய அந்தச் சின்ன உருண்டையை டீச்சர் முகர்ந்து பார்த்தது, தும்மியது, எங்கள் எல்லோரையும் ஒருமுறை முறைத்தது. பிறகு படுத்துக்கொண்டு அதை நக்க ஆரம்பித்தது. அக்கா அழுதாள். சிங்கக்குட்டிக்குத் தம்பி என்று பெயர் வந்தது அன்றைக்குத்தான்.

டீச்சர் அவனோடு கூண்டிலேயே தங்கிவிட்டது. தம்பி வளர்ந்தான். டீச்சரின் உயரத்தைத் தாண்டினான், பிடரி முளைத்தது, கர்ஜித்தால் என் கவுன்டர் கண்ணாடி அதிர்ந்தது. ஆனாலும் டீச்சர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருப்பான். விளையாட்டு எல்லை மீறினால் டீச்சர் எழும்பி அவன் மூக்கில் ஒரு கடி கடிக்கும். அத்தனை பெரிய உடம்பு சுருண்டு மூலைக்குப் போகும். ஜனங்கள் இதைப் பார்க்கத்தான் வந்தார்கள். நிர்வாகம் இருவரையும் தலையில் தூக்கி வைத்து ஆடியது. நான் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தபடியே, அவன் இன்னும் தன்னை ஒரு நாய்க்குட்டி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறான், என்றைக்கு உண்மை தெரியப்போகிறதோ என்று நினைப்பேன்.

கூண்டுக்குப் பின்னால் அவர்கள் படுக்க இரண்டு அறைகள் உண்டு. நடுவில் ஓர் இரும்புத் தடுப்பு. வெளியிலிருந்து சங்கிலியைத் தளர்த்தினால் அது இறங்கும். சிங்கம் ஓர் அறையில் இருக்க, தடுப்பை இறக்கிப் பூட்டிவிட்டுத்தான் மற்ற அறையைக் கழுவப் போக வேண்டும். அதுதான் விதி. அக்கா நாளாவட்டத்தில் தடுப்பை இறக்குவதை விட்டுவிட்டாள். தம்பி படுத்திருப்பான், டீச்சர் கூடவே நடக்கும், இவள் பாட்டுக்குப் பெருக்கிக் கழுவிவிட்டு வருவாள்.

ஒருநாள் மிருக டாக்டர் கம்பிக்கு வெளியே நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வெளியே வந்ததும் கேட்டார்.

"நீங்க பெருக்கறப்போ டீச்சர் எங்க நிக்குதுன்னு கவனிச்சிருக்கீங்களா?"

"என் காலையே சுத்திக்கிட்டு இருப்பா டாக்டர். சரியான பாசக்காரி."

"சுத்தல. அவனுக்கும் உங்களுக்கும் நடுவுல நிக்குது. நீங்க மூலைக்குப் போனா அதுவும் போகுது. அவன் தலையத் தூக்கினா அது திரும்பிப் பாக்குது. அது உங்களக் காவல் காக்குதும்மா."

அக்கா சிரித்தாள். "அவனுக்குப் புட்டிப்பால் குடுத்து ஏப்பம் விட வெச்சது நான். என்னை என்ன பண்ணிருவான்?"

"உங்கள அவனுக்குத் தெரியும். இல்லன்னு சொல்லல. ஆனா அவன் கேக்கறது டீச்சர் பேச்ச மட்டும்தான். அது இல்லாம ஒருநாளும் உள்ள போகாதீங்க. போனா உயிரோட வருவீங்கன்னு என்னால சொல்ல முடியாது."

அக்கா தலையாட்டினாள். இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடும்போதும் அப்படித்தான் தலையாட்டுவாள். நான் அவளோடு பிறந்தவள், எனக்குத் தெரியும். அன்றிலிருந்து நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு டீச்சரையே பார்க்க ஆரம்பித்தேன். பார்த்தபோதுதான் தெரிந்தது, அதற்கு வயதாகிவிட்டது. பின்னங்கால்கள் வலுவிழந்துவிட்டன. அக்கா கதவைத் திறந்ததும் முன்னங்கால்களை ஊன்றும், பின்னங்கால் ஈரத்தரையில் வழுக்கும், உட்கார்ந்துவிடும், மறுபடி ஊன்றும். எழுந்தே தீரும். ஒருநாள்கூடப் படுத்தபடி இருந்துவிடவில்லை.

அக்காவால் இதைச் சகிக்க முடியவில்லை. "என்னைப் பாத்து எந்திரிக்கத்தான இவ்வளவு கஷ்டப்படுறா. வீட்ல நிம்மதியா படுத்துக்கட்டும்" என்றாள். டாக்டரும் கால்களைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சரி என்றார். தடுப்பை இறக்காமல் கதவைத் தொடக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

டீச்சர் வீட்டுக்கு வந்தது. நிம்மதி மட்டும் வரவில்லை. சாப்பாட்டை முகர்ந்துவிட்டு விலகிப் போனது. அழுக்குத்துணிக் கூடையில் ஏறி, அக்காவின் யூனிஃபார்ம் சட்டை மேல் சுருண்டுகொண்டது. அதில்தானே தம்பியின் வாடை இருந்தது. காலையில் அக்கா வேலைக்குக் கிளம்பினால், கூடையிலிருந்து இறங்கிக் காலை இழுத்து இழுத்து வந்து வாசலில் குறுக்கே படுக்கும்.

"லீவு லெட்டர் குடுக்காம டீச்சர் விடமாட்டா போல" என்றார் மாமா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா தினமும் அதைத் தாண்டித்தான் போனாள்.

அங்கே தம்பி அறைக்குள் நடந்துகொண்டே இருந்தான். அடித்தொண்டையில் ஒரு குரல் கொடுப்பான். கர்ஜனை இல்லை, கூப்பிடும் குரல். ஜனங்கள் சந்தோஷமாகப் படம் பிடித்தார்கள். அக்கா விதிப்படி தடுப்பை இறக்கினாள், செருப்பைக் கழற்றாமல் வெளியே நின்றே பேச்சுக் கொடுத்தாள். அவன் ஓடி வந்து கம்பி வழியே அவள் கையை முகர்வான், சட்டையை முகர்வான், முகத்தைக் கம்பியில் தேய்ப்பான்.

"பாத்தியாடி, என்னை எப்படித் தேடறான்னு" என்றாள். அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். அதைக் கெடுக்க எனக்கு வாய் வரவில்லை.

பிறகு அவன் சாப்பாட்டையும் விட்டான். கூடவே அடைமழை பிடித்துக்கொண்டது. துவைத்த யூனிஃபார்ம் ஒன்றும் காயவில்லை. ஒருநாள் காலையில் அக்கா, டீச்சருக்கு அடியிலிருந்து அந்தப் பழைய சட்டையை உருவி, உதறிப் போட்டுக்கொண்டாள். டீச்சர் எழுந்து அவள் கால்சட்டையைப் பல்லால் பற்றியது. "விடுடி, பாவம், அவன் பட்டினி கிடக்கான். அவனுக்கும் யாராவது வேணாமா?" என்று அதன் வாயைப் பிரித்துவிட்டு நடந்தாள்.

கவுன்டரைத் திறப்பதற்கு முன் அவளுக்கு டீ கொண்டு போவது என் வழக்கம். அன்றும் பிளாஸ்கோடு போனேன். அறை வாசலில் அவள் செருப்பு இருந்தது. ஜோடியாக, ஒழுங்காக. நிமிர்ந்து பார்த்தேன். தடுப்பு மேலேயே இருந்தது.

அக்கா தரையில் மல்லாந்து கிடந்தாள். தம்பி அவள் கால்கள் மேல் படுத்திருந்தான். கோபமே இல்லை அவனிடம். சட்டைக்குள் முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்தான், முனகினான், நக்கினான். சிங்கத்தின் நாக்கு அரம். டீச்சருக்கு அடர்த்தியான மயிர் இருந்தது, தாங்கியது, வலித்தால் மூக்கைக் கடித்தது. அக்காவின் சட்டைக்கை கிழிந்து, கீழே தோலும் போய்க்கொண்டிருந்தது. அவள் கையை இழுத்தால் அவன் பாதத்தை இன்னும் அழுத்தி வைத்தான், பிள்ளை போர்வையை விடாமல் பிடிப்பது மாதிரி.

"கத்தாத. டாக்டரக் கூப்பிடு" என்றாள் அக்கா, உதடு அசையாமல். அப்புறம் அவனிடம், "போதும்டா தம்பி. போதும்" என்றாள். அவன் கேட்கவில்லை. அவள் சொல்லி அவன் எதையும் கேட்டதே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

டாக்டர் வந்தார், மயக்க ஊசித் துப்பாக்கியால் சுட்டார். அது வேலை செய்யும்வரை நாங்கள் வெறுமனே நிற்க வேண்டியிருந்தது. என் வாழ்நாளில் அதைவிட நீளமான நேரம் கிடையாது. அவன் நக்கிக்கொண்டே இருந்தான், மெதுவாக, இன்னும் மெதுவாக. பிறகு சட்டை நுனியை வாயில் கவ்வியபடியே தூங்கிப்போனான். அதைப் பிடுங்க முடியாமல் கத்தரியால் வெட்டித்தான் அக்காவை வெளியே எடுத்தார்கள்.

தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் வைத்தார்கள். விரல்கள் பாதிதான் மடங்கும் என்றார்கள். ஆஸ்பத்திரியில் இருந்தவரை அவள் ஒரு சொட்டுக்கூட அழவில்லை. "என்மேல உள்ள பாசத்துலதான அப்படிப் பண்ணினான்" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, டீச்சர் கூடையிலிருந்து தலையைத் தூக்கியது. முன்னங்காலை ஊன்றியது, பின்னங்கால் வழுக்கியது, மறுபடி ஊன்றியது. அக்கா குனிந்து, "வா டீச்சர்" என்று நல்ல கையை நீட்டினாள். டீச்சர் அதைக் கண்டுகொள்ளவில்லை. நேராகக் கட்டுப்போட்ட கைக்குப் போனது. முகர்ந்தது. ஆஸ்பத்திரி மருந்து வாடைக்கெல்லாம் அடியில் எதையோ தேடுவதுபோல் வெகுநேரம் முகர்ந்துவிட்டு, கட்டின் மேல் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டது. வாலும் ஆடியது.

அக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உடைந்து அழுதாள்.

"அவன் என்னைத் தேடலடி. இவ வாசத்தத் தேடியிருக்கான். இவளும் அவன் வாசத்தத்தான் தேடறா. ரெண்டு பேருக்கும் நான் வெறும் சட்டைடி."

மாமா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார்.

மறுநாள் அவளே டாக்டரிடம் கேட்டு டீச்சரைத் திருப்பிக் கொண்டுபோனாள். மாமாதான் தூக்கிக்கொண்டு வந்தார். காலியாக இருந்த அறையில் நாயை விட்டுக் கதவைப் பூட்டினார்கள், பிறகு தடுப்பு ஏறியது. தம்பி வந்தான். தலையைத் தரைவரை தாழ்த்தி, டீச்சரின் வயிற்றுக்கடியில் மூக்கை நுழைத்தான். டீச்சர் அவனை ஒருமுறை உறுமி அடக்கியது. இருவரில் ஒருவர்கூட எங்கள் பக்கம் திரும்பவில்லை.

அந்தக் கிழநாய் இன்னும் எத்தனை நாள் இருக்குமோ, அதற்குப் பிறகு அவன் யாரைத் தேடுவானோ தெரியாது. தடுப்பு இறங்கிவிடாதபடி அக்கா சங்கிலியை நல்ல கையால், இடது கையால், இழுத்துப் பிடித்துக் கொக்கியில் மாட்டினாள். செருப்பு காலில்தான் இருந்தது.