கடைசி வரிசையிலிருந்து முதல் கேள்வி

பகலில் அவர் லிஃப்ட் மெக்கானிக், மற்ற நேரத்தில் எழுத்தாளர். இரண்டு தொழிலிலும் ஜனங்களை மேலே கூட்டிப்போகிறேன் என்று ஏற்றிக்கொண்டு நடுவழியில் நிறுத்திவிடுகிறார் என்பது அவர் மனைவியின் கருத்து. அதை அவள் ஊருக்குச் சொல்ல மாட்டாள், அவரிடமே சொல்வாள், வெங்காயம் நறுக்கிக்கொண்டே. கண்ணில் தண்ணீர் வந்தால் வெங்காயமா கதையா என்று தெரியாது. ஆனால் அவர் எழுதிய ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் படித்தது அவள்தான்.

அவருடைய கதைகளில் ஒரு விண்கப்பல் உண்டு. அதில் கேப்டன் கிடையாது, விஞ்ஞானி கிடையாது. எல்லாரும் எப்போதோ செத்துப்போய்விட்டார்கள். மிச்சமிருப்பது இயந்திரங்களுக்கு எண்ணெய் போடும் ஆள் ஒருவன். ஒருத்தருமில்லாத கப்பலை அவன் எதற்காக ஓட்டிக்கொண்டிருக்கிறான் என்பதுதான் ஐந்து புத்தகமாக இழுத்துக்கொண்டு போகிற கதை. ஆறாவதில் கப்பல் எங்காவது போய்ச் சேர்ந்தாக வேண்டும். அது பாதியில் நின்றிருந்தது. அவருக்கு வழக்கம்தானே.

வருஷத்துக்கு ஒருமுறை விஞ்ஞானக் கதை ரசிகர்களின் மாநாடு நடக்கும். பழைய ஓட்டல் ஒன்றின் அடித்தளக் கூடம். வேறு எந்த விசேஷத்துக்கும் யாரும் எடுக்காததால் இவர்களுக்குக் கிடைத்தது. உள்ளே போனால் பச்சைச் சாயம் வழியும் முகங்கள், அட்டைப்பெட்டியில் வெள்ளித்தாள் ஒட்டிய கவசங்கள். கழிப்பறைக் கண்ணாடி முன்னால் நின்று, விழுந்துவிட்ட மூன்றாவது கண்ணைப் பசை போட்டு ஒட்டிக்கொண்டிருப்பார் ஒரு வருமானவரி அதிகாரி. அங்கே ஒரு வழக்கம் உண்டு. எழுத்தாளர் மேடையில் சில பக்கம் படிப்பார், பிறகு கேள்வி நேரம். எந்தக் கிரகத்து வேஷத்தில் வந்திருந்தாலும், பூமியில் என்ன வேலை பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

முதல் வருஷம் அவர் படித்து முடித்தபோது ஒரு கையும் எழவில்லை. இருமக்கூட ஆளில்லை. கயிறு அறுந்த லிஃப்டுக்குள் நிற்கிறவர் மாதிரி அவர் இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டார். அப்போது கடைசி வரிசையில் ஒரு கை எழுந்தது. அவர் மனைவியின் கை.

"நான் டீச்சர்," என்றாள் அவள். சுத்தப் புளுகு. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போர்வை இஸ்திரி போடுவதுதான் அவள் வேலை. "அந்த எண்ணெய் போடுறவருக்குத் தனியா இருக்கப் பயமா இல்லையா?"

"வேலை இருக்கிற வரைக்கும் பயம் தெரியாதுங்க," என்றார் அவர், சொந்தப் பெண்டாட்டிக்கு 'ங்க' போட்டு. அதன்பிறகு நாலைந்து கைகள் எழுந்தன. ஒருத்தர் வாயைத் திறக்கும் வரைக்கும்தான் எல்லாருக்கும் கூச்சம்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார். "டீச்சர்னு ஏன் சொன்ன?"

"இஸ்திரி போடுறவன்னு சொன்னா உங்க பொண்டாட்டின்னு கண்டுபிடிச்சிருவாங்க."

"எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

"அந்தக் கூட்டத்துலயே கசங்காத சட்டை உங்களோடது ஒண்ணுதான்."

அதிலிருந்து வருஷா வருஷம் அதே கடைசி வரிசை, அதே கேள்வி, வேறு வேறு தொழில். ஒரு வருஷம் கண்ணாடி போட்டுக்கொண்டு பேங்க் மேனேஜர். ஒரு வருஷம் கொண்டை போட்டு நீச்சல் பயிற்சியாளர். குளத்தைப் பார்த்தாலே அவளுக்குத் தலை சுற்றும். வேற்றுக்கிரகத்து வேஷத்தில் வந்த அத்தனை பேர் நடுவில் மனுஷி வேஷம் போட்டுக்கொண்டு வந்தவள் அவள் ஒருத்திதான். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம். "இவ்வளவு மெனக்கெட்டு வர்றேன், ஒரு பய பாக்க மாட்டேங்கறான்," என்பாள்.

பல் டாக்டர் என்று சொன்ன வருஷம் மட்டும் மாட்டிக்கொள்ளப் பார்த்தாள். ரோபோ வேஷத்தில் வரும் ஒருவர் உண்டு. எல்லாரும் அவரைத் தகரம் என்று கூப்பிடுவார்கள். சாப்பாட்டு நேரத்தில் தகரம் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, "டாக்டரம்மா, இந்தக் கடவாய்ப் பல்லு உயிர எடுக்குது," என்று அவள் முன்னால் வாயைப் பிளந்துவிட்டார். அவள் கரண்டிக் காம்பால் நாக்கை அழுத்திப் பார்த்துவிட்டு, முகம் மாறாமல், "உப்புத் தண்ணி கொப்பளிங்க," என்றாள்.

போன மழைக்காலத்தில் அவளுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள். தான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே, சக வேலைக்காரி இஸ்திரி போட்ட போர்வையில் படுத்துக்கொண்டு, "மடிப்பப் பாருங்க, நாய் படுத்து எந்திரிச்ச மாதிரி," என்று குறை சொன்னாள். அப்புறம் குறை சொல்வதும் குறைந்துபோனது.

"இந்த வருஷம் மாநாட்டுக்கு நீங்க மட்டும் போங்க," என்றாள் ஒருநாள்.

"போய்? யாரு கேக்கறது?"

"கேப்பாங்க. நான் எப்பவோ நிறுத்தலாம்னு பாத்தேன். உங்களுக்குத்தான் தைரியம் இல்ல."

"ஒருத்தனும் கேக்க மாட்டான்."

"பந்தயம். யாராவது தானா கை தூக்கினா, ஆறாவது புத்தகத்த முடிச்சிரணும்."

"தூக்கலைன்னா?"

"தூக்கலைன்னா விட்டுருங்க. ஒழுங்கா லிஃப்டப் பாருங்க." சிரிக்கப் பார்த்தாள். வலி விடவில்லை.

அந்த வாரமே போய்விட்டாள்.

மாநாட்டு நாளன்று அவர் தன் சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டார். நடுவில் எதையோ நினைத்துக்கொண்டு நின்றுவிட்டதில், முதுகுப் பக்கம் பெட்டியின் தடம் பழுப்பாக விழுந்துவிட்டது. வேறு சட்டை இல்லாமல் இல்லை. அதையே போட்டுக்கொண்டு போனார்.

ஆறாவது புத்தகத்தில் எழுதியிருந்த வரைக்கும் படித்தார். எண்ணெய் போடுகிறவன் கப்பலின் கடைசி விளக்கையும் தானே அணைக்கிற இடம். அவளுடைய கேள்விக்கு இத்தனை வருஷமாகச் சொன்ன பதில் பொய் என்று இப்போது அவருக்குத் தெரியும். வேலை இருந்தாலும் பயமாகத்தான் இருக்கிறது. லிஃப்ட் குழிக்குள் இறங்கினால், மேலே ஆள் நிற்கிறதா என்று இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்க்கிறார். யாராவது கேட்டால் இதைச் சொல்லலாம். யாராவது கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி நேரம் வந்தது. ஒரு கையும் எழவில்லை.

அவர் முதல் வரிசையைப் பார்த்தார். பச்சை முகங்கள் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தன. சுவரோரம் நின்றிருந்த தகரம்கூட அசையவில்லை. அவர் அசைந்தால் கட்டாயம் சத்தம் கேட்கும். கடைசி வரிசையில் ஒரு நாற்காலி காலி. மின்விசிறி மட்டும் கடகடவென்று என்னவோ சொல்லிக்கொண்டிருந்தது.

மேடையை நடத்தியவர் இந்த வருஷம்தான் புதிதாக வந்தவர். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கேள்வி ஒண்ணும் இல்ல போலிருக்கு. அப்ப முடிச்சுக்கலாமா சார்?"

"முடிச்சுக்கலாம்," என்றார் மெக்கானிக். தாள்களை மேஜையிலேயே விட்டுவிட்டு இறங்கி நடந்தார். முதுகில் இருந்த பழுப்புத் தடத்தை அப்போதுதான் எல்லாரும் பார்த்தார்கள்.

வெளியே தாழ்வாரத்தில் லிஃப்ட் பொத்தானை அழுத்திவிட்டு நின்றார். பின்னாலேயே பாத்திரக்கடை சரிந்தது மாதிரி ஒரு சத்தம். தகரம் ஓடி வந்துகொண்டிருந்தார். அந்த உடுப்பில் ஓடினால் அப்படித்தான்.

"அண்ணே! நில்லுங்கண்ணே! நாங்க கேக்கத்தான் இருந்தோம்."

"பரவாயில்லப்பா."

"இல்லண்ணே, கேளுங்க. முதல் கேள்வி அக்காவோடதில்லையா? அவங்க இல்லாத முதல் வருஷம், அதுக்கு இடம் விடணும்னு காலைல டீ குடிக்கறப்பப் பேசி வச்சோம். கொஞ்ச நேரம் சும்மா இருப்போம், அப்புறம் கேப்போம்னு. எவ்வளவு நேரம்னு யாரும் பேசல. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு இருந்தோம், அதுக்குள்ள அந்தப் புது ஆளு..."

லிஃப்ட் எங்கேயோ மேலே முனகியது. மெக்கானிக் தகரத்தையே பார்த்தார்.

"எந்த அக்கா?"

தகரம் தலைக்கவசத்தைக் கழற்றினார். உள்ளே முகம் வெந்துபோயிருந்தது. "நான் ஆஸ்பத்திரிக்கு ஆக்சிஜன் சிலிண்டர் போடுறவண்ணே. என் பல்லப் பாத்தாங்களே, அடுத்த மாசமே அவங்கள சலவைக்கூடத்துல பாத்துட்டேன். உங்க சட்டை ஏன் கசங்கறதில்லைன்னு அப்பத்தான் புரிஞ்சுது. யார்கிட்டயும் சொல்லாதேன்னு உதட்டுல விரல வச்சுக் காட்டினாங்க. நான் யார்கிட்டயும் சொல்லல." கவசத்தை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "இங்க வர்றவங்ககிட்ட மட்டும் சொன்னேன்."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"வருஷா வருஷம் பந்தயமே கட்டுவோம்ணே, இந்தத் தடவை அக்கா என்ன வேலைன்னு. திரும்பிப் பாத்தா சிரிச்சிருவோம்னுதான் யாரும் திரும்ப மாட்டோம். அக்கா சங்கடப்படுவாங்கல்ல."

"அப்ப அவளுக்கப்புறம் நீங்கள்லாம் கேட்டது? பாவம் பாத்துக் கேட்டதா?"

"ஐயோ, சத்தியமா இல்லண்ணே!"

மெக்கானிக் நம்பினாரா என்று அவருக்கே தெரியவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா."

"தப்புத்தான். இப்ப வாங்க, உள்ள வாங்க. எல்லாரும் கேக்கறோம்."

"இப்பக் கேட்டா அது கேள்வி இல்ல." அவர் குரல் உயரவில்லை. "அவ கேட்டதும் நடிப்பு. நீங்க சும்மா இருந்ததும் நடிப்பு. நான் ஒருத்தன்தான் மேடைல நிஜமா நின்னேன்."

லிஃப்ட் வந்து நின்றது, தரைமட்டத்துக்கு ஒரு விரல்கடை கீழே. வேறு நாளாக இருந்தால் ஓட்டல்காரனைக் கூப்பிட்டுத் திட்டியிருப்பார். கதவு திறந்து, காத்திருந்து, தானே மூடிக்கொண்டது. அவர் ஏறவில்லை. பந்தயத்தில் அவள் ஜெயித்தாளா தோற்றாளா என்று கேட்க அவளிடம்தான் போக வேண்டும்.

"என் தாளு உள்ள இருக்கு," என்றார் கடைசியில்.

உள்ளே அடுத்த எழுத்தாளர் மேடையேறிவிட்டார். சின்னப் பெண், முதல் கதை, முதல் மேடை. ஏதோ ஒரு நிலாவில் சமிக்ஞை விளக்கைத் தனியாகக் காவல் காக்கிற ஒருத்தியைப் பற்றி, தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். நடுவில் போய்த் தாளை எடுக்க முடியாது. நிற்கவும் தெம்பில்லை. கடைசி வரிசையில் அந்த ஒரு நாற்காலிதான் காலியாக இருந்தது. மெக்கானிக் அதில் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் மேடை இவ்வளவு சின்னதாகத் தெரியும் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

பெண் படித்து முடித்தாள். கை எதுவும் எழவில்லை. அன்றைக்கு எல்லார் மனசும் வேறு எங்கோ இருந்தது. அது அவளுக்கு எப்படித் தெரியும்? காலி டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடிப்பது மாதிரி குடித்தாள். இன்னொரு தடவையும் குடித்தாள். மேடை நடத்தியவர் கடிகாரத்தைப் பார்க்கக் கையைத் திருப்பினார்.

மெக்கானிக்கின் கை எழுந்தது.

மைக் அவரிடம் வந்தது. "என்ன வேலை பாக்கறீங்க?" என்று மேடையிலிருந்து வழக்கப்படி கேட்டார்கள்.

"ஆஸ்பத்திரில," என்றார். கனைத்துக்கொண்டார். "ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துல போர்வை இஸ்திரி போடுறேன்."

கூடத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரோரம் தகரம் லேசாகக் கிணுகிணுத்தது.

"அந்த நிலாவுல இருக்கறவளுக்கு," என்றார், "தனியா இருக்கப் பயமா இல்லையாம்மா?"

பெண் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"பயம்தாங்க," என்றாள். "ரொம்பப் பயம். அத எழுதத் தெரியல."

முன்வரிசையில் ஒரு கை எழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. மைக்கை வாங்க வந்தவரிடம் மெக்கானிக் அதைக் கொடுக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு, யாராவது கேட்டால் சொல்லலாம் என்று வைத்திருந்ததை அதில் சொன்னார். அதற்குள் மைக்கை அணைத்துவிட்டிருந்தார்கள்.