வலது கால் மெட்டி

சந்திரகலா அக்காவும் நானும் கிள்ளானில் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸுக்கு வேலைக்கு வருகிறோம். வாழை இலைச் சாப்பாட்டுக் கடை. அக்கா முன்னால் பரிமாறுவார். நான் பின்னால் காய் நறுக்குவேன். பதினாறு வருடமாக அவர் உட்கார்ந்து நான் பார்த்த இடம் ரயில் மட்டும்தான்.

போன வருடம் ரயிலிலும் அவருக்கு நிம்மதி இல்லை. சப்பாத்தைக் கழற்றி, வலது பெருவிரலின் அடியில் புடைத்திருந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே வருவார். கால் ஆணி என்றுதான் எல்லாரும் நினைத்தோம். மருந்துக் கடை பிளாஸ்திரி ஒட்டினார். சமையல்கார அண்ணன் பேச்சைக் கேட்டு எருக்கம்பால் வைத்தார். தோல்தான் வெந்தது.

கடைசியில் கிளினிக்குக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். இது ஆணியே இல்லை என்றார் டாக்டர். பெருவிரல் மூட்டு இடம் மாறி வெளியே தள்ளுகிறது, விரல் நுனி பக்கத்து விரல் பக்கம் சாய்கிறது. குடும்பத்தில் வரக்கூடியது, நெருக்கும் சப்பாத்து அதை மோசமாக்கும். முன்பக்கம் அகலமான சப்பாத்து போட்டு, விரல்களுக்கு நடுவில் மெத்தை வைத்து, வீங்கினால் ஐஸ் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். இவை வலியைக் குறைக்கும், எலும்பை நேராக்காது. நடக்கவே முடியாமல் போனால் அறுவை சிகிச்சை. பிறகு இரண்டாவது விரலைக் காட்டினார். பெருவிரல் அழுத்தியதில் மெட்டி சதைக்குள் இறங்கியிருந்தது. அதை எடுத்தாக வேண்டும்.

நகைக் கடையில் வெட்டித்தான் எடுத்தார்கள். இடது கால் மெட்டியை அக்கா தொடவில்லை. அந்தக் கால் எந்தத் தப்பும் செய்யவில்லையே என்றார். அவர் கணவர் வாசு அண்ணன் ரவாங்கில் லோரி ஓட்டுகிறார். நாளைக்கு நான் போய்ச் சேர்ந்தால் மெட்டி கழற்றப் பாதி வேலைதான் என்று சிரித்தாராம்.

சிரிக்காதவர் தங்கமணி, அக்காவின் அண்ணன் மனைவி. அவர் மகள் மலருக்கு ஏழாம் மாத வளைகாப்பு வந்தது. மலரைத் தூக்கி வளர்த்தது அத்தைதான். முதல் வளையல் அத்தை கையால்தான் என்று அவள் சொல்லியிருந்தாள். அந்த ஒரு நாள் மட்டும் மெட்டியைப் போட்டுக்கொண்டு வா, இல்லையென்றால் வளையல் தட்டைத் தொடாதே என்று தங்கமணி போனில் சொல்லிவிட்டார். ரயிலில் இதைச் சொன்னபோது அக்காவின் கண் கலங்கியது. ஒரு நாள்தானே அக்கா என்று நான்கூடச் சொன்னேன். அவர் சப்பாத்தைக் கழற்றி, மெட்டி பதிந்திருந்த தழும்பை எனக்குக் காட்டினார்.

வளைகாப்பு அன்று அக்காவோடு நானும் போனேன். வாசலில் அவர் சப்பாத்தைக் கழற்றியதும் எல்லார் கண்ணும் காலுக்குப் போனது. தங்கமணி புது மெட்டியோடு தயாராக நின்றார்.

“ஒரு கால் சுமங்கலி, இன்னொரு கால் என்னவாம்? நல்ல காரியம் நடக்குற வீடுலா இது. போடு.”

அக்கா குரலை உயர்த்தவே இல்லை. “என் புருஷன் வெளிய நாற்காலி தூக்கிக்கிட்டு இருக்காரு அண்ணி. சந்தேகமா இருந்தா மூச்சு வருதான்னு போய்ப் பாருங்க. இந்த விரல்ல இனிமே எதுவும் ஏறாது. நாளைக்கு நான் பத்து மணி நேரம் நிக்கணும்.”

சொல்லிவிட்டு நேராக மலர் முன்னால் போய் நின்றார். பெண்கள் யாரும் வழிவிடவும் இல்லை, தடுக்கவும் இல்லை. தட்டு தங்கமணியிடமே இருந்தது.

மலர் இரண்டு கைகளையும் நீட்டினாள். “அம்மா, தட்டைக் கொண்டா. அத்தை போடாம நான் எழுந்திரிக்க மாட்டேன்.”

தட்டு வந்தது. அக்கா நிதானமாக, ஒவ்வொன்றாகப் போட்டார். முடிந்ததும் குனிந்து மலரின் பாதத்தைப் பிடித்துப் பார்த்தார். பெருவிரலின் அடியில் அதே புடைப்பு, இப்போதுதான் தலைகாட்டியிருந்தது.

“நாளைக்கே அகலமான சப்பாத்து வாங்கு. மெட்டி உறுத்துனா அன்னைக்கே கழட்டிடு,” என்றார், தங்கமணிக்குக் கேட்கும்படியாக.