மாமியார் வீட்டு டயர்

மாமியார் வீட்டிலிருந்து மாப்பிள்ளைக்கு வருவதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. சட்டை தொளதொளவென்று இருந்தாலும் பெருநாளன்று அதைப் போட்டுக்கொண்டு போய் அவர்கள் முன்னால் நிற்க வேண்டும். சென்ற பெருநாளுக்கு எனக்கு வந்தது சட்டை அல்ல. என் பிக்கப் லாரிக்கு நான்கு டயர்.

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் மசாலாக் கடை வைத்திருக்கிறேன். மூட்டைகளை ஏற்றிக்கொண்டு துவாஸில் இருக்கும் ஊழியர் விடுதிகளின் சமையற்கூடங்கள் வரை நானேதான் ஓட்டிப் போகிறேன். டயர் தேய்ந்துவிட்டது என்று மனைவியிடம் புலம்பியது என் வாய்க்கொழுப்பு. அடுத்த வாரமே மச்சினன் வந்து வண்டியை ஓட்டிக்கொண்டு போனான். திரும்பி வந்தபோது வண்டி ஒட்டகம் மாதிரி நின்றது.

"எப்படி மச்சான்? செம லுக் லா! உம்மாதான் நல்ல பெரிய டயரா போடச் சொன்னாங்க."

"ரொம்ப நல்லாருக்கு" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

வண்டி நிறுத்தும் அடுக்குமாடிக் கார்ப்பேட்டையில் ஏறும்போது வண்டி முக்கியது. அதையாவது சகித்துக்கொள்ளலாம். வேகம் காட்டும் முள் பொய் சொல்ல ஆரம்பித்ததுதான் பெரிய தலைவலியானது. பெரிய டயர் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போகும், அது வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. முள் லாரிக்கு அனுமதித்த எழுபதில் நிற்கும், வண்டி அதைத் தாண்டிப் பறந்துகொண்டிருக்கும். ஏற்கெனவே வேகக் கேமராக்களின் தயவில் என் லைசென்ஸில் குற்றப் புள்ளிகள் சேர்ந்திருந்தன. இன்னொரு முறை மாட்டினால் லைசென்ஸ் போய்விடும். நான் ஓட்டாவிட்டால் கடைக்குப் பூட்டுதான்.

"சின்ன டயரா மாத்திடட்டுமா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"உம்மா ஆசையா வாங்கிக் குடுத்தது. கழட்டிப் போட்டா அவங்க மூஞ்சிய நான் எப்படிப் பாக்கறது?"

"அப்ப நீயே பக்குவமா சொல்லேன்."

"நான் மாட்டேன்பா. வேணும்னா நீங்க சொல்லுங்க."

மாமியாரிடம் மாப்பிள்ளை குறை சொல்வதா? எங்கள் குடும்பத்தில் சாப்பாட்டில் உப்பு இல்லையென்றால்கூடச் சொல்ல மாட்டோம். ஆக, டயரைத் தொட முடியாது, வண்டியின் மூளையைத்தான் திருத்த வேண்டும். அதற்கு டியூனர் என்று ஒரு கருவி இருப்பதாக மச்சினனே சொன்னான். சொன்னதோடு விட்டானா? காலையும் மாலையும் வீடியோ அனுப்பினான். எல்லாவற்றிலும் ஒரு லாரி சேற்றை வாரி இறைத்துக்கொண்டு மலை ஏறியது. மல்லித்தூள் ஏற்றிப் போகும் எனக்குச் சிங்கப்பூரில் எந்த மலை?

முதலில் அவன் பேச்சைக் கேட்டு ஒன்று வாங்கினேன். ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டாலே வண்டி பாய்ந்தது. முள் மட்டும் அதே பொய்யைச் சொன்னது. மிதிக்கு ரோஷம் வரவைப்பதுதான் அதன் வேலையாம், டயரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாதாம். காக்கி புக்கிட்டில் பட்டறை வைத்திருக்கும் மலேசிய ஜொகூர்க்காரர் இதைச் சொல்லிவிட்டு வேறொரு பெட்டியை எடுத்து வைத்தார்.

"இதப் போடுங்க பாஸ். பவர் சும்மா பிச்சுக்கும்."

"எனக்குப் பவர் வேணாங்க. டயர் சைஸ் மாத்த முடியுமா?"

"அது முடியாது. ஆனா பவர்..."

"முள்ளு உண்மையச் சொல்லணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அதற்குப் பிறகு நான் விசாரித்த கடைகளிலும் இதே பாட்டுத்தான். டயர் அளவு மாற்ற வசதி இருந்த கருவிக்கு என் வண்டியின் டீசல் எஞ்சினைத் தெரியவில்லை. எஞ்சினைத் தெரிந்த கருவியில் அந்த வசதி இல்லை. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. முள்ளை நம்ப முடியாமல் துவாஸ் போகும் விரைவுச்சாலையில் இடது ஓரமாக உருட்டிக்கொண்டு போவேன், பின்னால் வரும் பேருந்தெல்லாம் ஹாரன் அடிக்கும்.

கடைசியில் ஜொகூர்க்காரரே ஒன்றைத் தேடிப் பிடித்தார். அது பவர் பக்கமே போகாது, டயர் அளவை மட்டும் திருத்தும். ஆனால் டயரில் அச்சிட்டிருக்கும் அளவை அப்படியே போடக்கூடாது, பாரத்தில் டயர் அமுங்கும், அதனால் பாரம் ஏற்றி அளந்து வர வேண்டும் என்றார். மூட்டைகளோடு கார்ப்பேட்டையில் வண்டியை நிறுத்தி, டயரிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போட்டு, ஒரு முழுச் சுற்று உருட்டினேன். மனைவி தூரம் அளக்கும் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, "இதுக்கு உம்மாகிட்டயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்" என்றாள். டேப்பை அப்படியே போட்டுவிட்டுப் போய்விடலாமா என்றிருந்தது.

அந்த அளவைப் போட்டதும் முள் சரியானது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சினன் ஜொகூர் போயிருந்ததால், மாமியாரைத் தேக்காவுக்குக் கூட்டிப் போகும் வேலை என் தலையில் விழுந்தது. அவர் வண்டியின் கதவைத் திறந்தார், படியைப் பார்த்தார், முட்டியைத் தடவிக்கொண்டார்.

"என்ன மாப்ளே, இவ்ளோ உயரமா வெச்சிருக்கீங்க?"

மனைவி வீட்டுக்குள் போய்ப் பிளாஸ்டிக் முக்காலியைத் தூக்கி வந்தாள். இரண்டு பேரும் தாங்கிப் பிடித்து அவரை ஏற்றினோம். மனைவி பின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள்.

விரைவுச்சாலையில் முள்ளை எழுபதில் நிறுத்தி ஓட்டினேன். மாமியார் எட்டி அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இப்பல்லாம் நிதானமா ஓட்டறீங்க மாப்ளே. முன்னாடி நீங்க ஓட்டற ஓட்டத்துல உக்காரவே எனக்குப் பயமா இருக்கும். மாப்பிள்ளைகிட்டப் போய் அதை எப்படிச் சொல்றது? அதான், கெட்டியா பெரிய டயரா பாத்துப் போடுடான்னு பையன்கிட்ட சொன்னேன்."

பின்னால் என் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமினாள். தேக்கா வந்தது. இறங்குவதற்கு முக்காலியை எடுத்துப் போட்டேன்.